மலைக்கு மேலே போகும் ரயில்கள்

சூரிக்கிலிருந்து இத்தாலிப் பக்கம் போகும் விரைவு ரயில்கள் இப்போது ஆல்ப்ஸ் மலையில் ஏறுவதில்லை. அடிவாரத்தில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. 2016இல் திறக்கப்பட்ட கோத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தின் நீளம் 57 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் அதுதான். உள்ளே போனால் இருபது நிமிடம் இருட்டு. வெளியே வந்தால் இத்தாலிய மொழி பேசும் ஊர்கள். மலைச்சாலைகளை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரிகளின் சுமையை ரயிலுக்கு மாற்ற அந்தச் சுரங்கம் தேவை. அதை அமைக்கும் வேலையில் ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஆல்ப்ஸைப் பார்க்கவென்றே இவ்வளவு தூரம் வருபவர்கள் அந்த ரயிலில் ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே என் கோடைப் பயணத்துக்கு ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டேன். எங்கெல்லாம் மலைக்கு மேலே போகும் பழைய பாதை இன்னும் உயிரோடு இருக்கிறதோ, அங்கெல்லாம் அதில்தான் போவது. சுவிட்சர்லாந்தில் தொடங்கி, ஆஸ்திரியாவின் டிரோல் வழியாக ஸ்லோவேனியாவுக்கு இறங்கி, வியன்னாவில் முடிப்பது. தனியாகப் போவதால் எந்த ஸ்டேஷனிலும் யாரையும் கேட்காமல் இறங்கலாம். அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றால் அந்த ஒரு மணி நேரமும் நம்முடையது. இப்படிப்பட்ட பயணத்துக்குத் துணை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நான் தனியாகவே போயிருப்பேன்.

முதலில் பழைய கோத்தார்ட் பாதை. எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டியதும் பள்ளத்தாக்கு ஒடுங்குகிறது, ரயில் ஏறத் தொடங்குகிறது. வழியில் வாஸன் என்ற சிற்றூர். ஊருக்கு நடுவில் மேட்டின் மேல் வெள்ளைச் சுவரோடு ஒரு தேவாலயம். அது முதலில் நம் தலைக்கு மேலே தெரிகிறது. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போய்த் திரும்பி வெளியே வந்தால் அதே தேவாலயம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. இன்னொரு சுரங்கம், இன்னொரு திருப்பம். இப்போது அது காலுக்குக் கீழே. நேராக ஏறினால் சக்கரம் வழுக்கும் என்பதால், மலைக்குள்ளேயே பாதையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் உயரம் ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி தன் பேரனுக்கு மூன்று முறையும் விரல் நீட்டிக் காட்டினார். மூன்றாம் முறை அந்தப் பையன் எழுந்து நின்று, தாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டித் தேடினான்.

பாதை ஏறி முடிகிற இடம் கெஷினன். 1882இல் திறக்கப்பட்ட பழைய சுரங்கத்தின் வடக்கு வாசல் இங்கேதான். நீளம் 15 கிலோமீட்டர். அதை எடுத்துக் கட்டியவர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர். எட்டு ஆண்டில் முடிக்கிறேன் என்று 1872இல் ஒப்பந்தம் போட்டவர், 1879 ஜூலையில் சுரங்கத்துக்குள் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அடுத்த பிப்ரவரியில் இரு பக்கமும் சந்தித்தபோது, துளை வழியாக முதலில் அனுப்பப்பட்டது ஒரு தகரப் பெட்டியில் வைத்த அவருடைய படம்.

ஃபாவ்ரின் கதையைப் பல இடங்களில் படிக்கலாம். உள்ளே வேலை செய்தவர்களின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலும் வட இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். உள்ளே 30 டிகிரிக்கு மேல் வெப்பம், வெடிமருந்துப் புகை, கணுக்கால் தண்ணீர். 1875இல் காற்று சரியில்லை, கூலி போதவில்லை என்று வேலையை நிறுத்தினார்கள். வரவழைக்கப்பட்ட காவல் படை சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். சுரங்கம் முடிவதற்குள் விபத்தில் இறந்தவர்கள் சுமார் 200 பேர். விபத்துக்கு ஆளாகாமல் தப்பியவர்களையும் ஒரு சோகை நோய் பிடித்தது. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, எழுந்து நடக்க முடியாமல் ஊர் திரும்பினார்கள். 1880இல் டூரினில் எடோவார்டோ பெரோன்சிடோ என்ற மருத்துவ ஆய்வாளர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கொக்கிப்புழு. வெப்ப நாடுகளின் ஈர மண்ணில் வாழும் புழு, கழிப்பிடம்கூட இல்லாத அந்தச் சுரங்கத்தின் வெக்கையில், பனிமலைக்கு நடுவே செழித்து வளர்ந்திருக்கிறது. கெஷினன் நடைமேடையில் நின்று அந்தக் கரிய வாசலைப் பார்க்கும்போது இந்தப் புழுவின் நினைப்பை என்னால் விலக்க முடியவில்லை. இந்தப் பயணம் முழுவதும், ஒவ்வொரு சுரங்கத்திலும், இதை யார் தோண்டியிருப்பார்கள் என்றுதான் மனம் கேட்டுக்கொண்டிருந்தது.

கெஷினனிலிருந்து சிறிய ரயில் ஒன்று பல்சக்கரத்தின் உதவியோடு ஆண்டர்மாட்டுக்கு ஏறுகிறது. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் ரெயால்ப். நான் சுவிட்சர்லாந்துக்கு வந்ததே ரெயால்ப்புக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அதைச் சொல்வதற்கு முன் நீலகிரியைச் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது குன்னூரில். என் பெரியப்பா அங்கே லோகோ ஷெட்டில் வேலை பார்த்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறும் நம் மலை ரயிலின் நடுத் தண்டவாளத்தில் இரண்டு பல்வரிசைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு வரிசையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் முழுப் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். அந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் செய்யப்பட்டன என்றாலும், பழையவை எல்லாம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் பிறந்தவை. வின்டர்தூர் என்ற பெயரைப் பெரியப்பா சொல்லும் தோரணையில், அது குன்னூருக்குப் பக்கத்து ஊர் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

ரெயால்ப்பிலிருந்து கிளம்பும் ஃபுர்கா கணவாய் ரயிலும் அதே ஆப்ட் முறை, அதே வின்டர்தூர் எஞ்சின். இந்தப் பாதையின் கதையை ஒருவர் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டோம். 1926இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் ஆண்டில் பாதி நாள் ஓடாது. 1982இல் கணவாய்க்கு அடியில் 15 கிலோமீட்டர் சுரங்கம் வந்ததும் மேல்பாதை கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அதற்குள் தன்னார்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்து, பாதையைத் துண்டு துண்டாகச் செப்பனிட்டு, 1992இல் முதல் துண்டையும் 2010இல் கடைசித் துண்டையும் திறந்தார்கள். ஓட்டுவதற்கு எஞ்சின்? 1913இல் இந்தப் பாதைக்கென்றே வின்டர்தூரில் செய்த எஞ்சின்களில் சில, 1940களில் வியட்நாமின் தா லாட் மலைப்பாதைக்கு விற்கப்பட்டிருந்தன. போரில் அந்தப் பாதை அழிந்து, எஞ்சின்கள் துருப்பிடித்து நின்றன. 1990இல் அவற்றைத் தேடிப் போய்க் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவந்து, பிரித்துப் பூட்டி, மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள்.

ரெயால்ப்பில் காலை ரயில் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே போய்விட்டேன். நிலக்கரிப் புகையும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை வந்ததும் கால்கள் தாமாக எஞ்சின் பக்கம் போய்விட்டன. கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் எழுபதை நெருங்குபவர்; ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கோடையில் சில வாரங்கள் தன் செலவில் வந்து இந்த வேலை செய்கிறார். நீலகிரியில் இதே மாதிரி எஞ்சின் ஓடுகிறது, என் பெரியப்பா அங்கே வேலை பார்த்தார் என்றதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னமும் தினமும் ஓடுகிறதா? பயணிகளோடு?"

"ஓடுகிறது ஐயா. டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்க்கச் சொல்லி, பல்சக்கரத்தில் அன்று காலை பூசிய கிரீஸைக் காட்டினார்.

இந்த எஞ்சின்களில் உருளைகள் நான்கு. சமதரையில் இரண்டு மட்டும் வேலை செய்து சக்கரங்களைச் சுழற்றும். பல்வரிசை தொடங்கியதும், முதல் இரண்டு உருளைகள் பயன்படுத்திய நீராவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். எக்ஸ் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான். ரெயால்ப் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நடை வேகத்துக்கு இறங்கியது. தரைக்கு அடியில் பல்லும் பல்லும் கவ்வுகிற ஒரு கடகடப்பு பெஞ்சு வழியாக உடம்பில் ஏறியது. அதுவரை ஒற்றைத் தாளமாக இருந்த மூச்சு இரண்டு தாளமாகப் பிரிந்தது. நீலகிரி ரயிலில் கல்லாறு தாண்டியதும் கேட்கும் அதே சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெளியே கமுகு மரங்கள் இல்லை, பனிக்கட்டித் திட்டுகள் இருந்தன. சத்தத்தில் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை.

வழியில் ஷ்டெஃபன்பாக் ஓடையின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பனிச்சரிவு பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதால், 1925இல் மடக்கக்கூடிய இரும்புப் பாலம் ஒன்றைப் போட்டார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அதை மூன்று மடிப்பாக மடக்கிக் கரையோடு ஒதுக்கிவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் விரித்துப் பூட்டுகிறார்கள். மலையோடு மோதாமல், அதன் போக்கில் போய் வேலை முடித்த அறிவு இது. கான்கிரீட்டில் கட்டிய எத்தனையோ பிரம்மாண்டங்களைவிட எனக்கு இந்தப் பாலம் பிடித்திருக்கிறது.

உச்சியில் சுரங்கம் தாண்டி இறங்கினால் கிளெட்ச். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோன் பனியாறு இந்த ஊர் வாசல்வரை இறங்கிக் கிடந்தது. அதைப் பார்க்க வருபவர்களுக்காகத்தான் இங்கே பெரிய ஹோட்டலே எழுந்தது. இன்று அங்கே நின்றால் தெரிவது வழவழப்பான வெறும் பாறை. பனியாற்றின் நுனி மேலே வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. நுனியில் உருகிய நீர் ஏரியாகத் தேங்கியிருக்கிறது. பஸ்ஸில் மேலே போய்ப் பார்த்தேன். பனிக்குகை இருக்கும் பகுதியை வெயிலிலிருந்து காக்க வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். கிழிந்த இடங்களில் அழுக்கு நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கின்றன. இந்த எண்ணை வீட்டிலிருந்து படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. சொட்டும் துணிக்குப் பக்கத்தில் நின்றபோது தொண்டை அடைத்தது.

கிழக்கே ஓபரால்ப் கணவாய் ஏறி, ரைன் நதியின் தொடக்கத்தோடு கூர் நகருக்கு இறங்கி, அங்கிருந்து அல்புலா பாதையைப் பிடித்தேன். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் லாண்ட்வாஸர் பாலம் இதில்தான் வருகிறது: 65 மீட்டர் உயரக் கல்வளைவுகள், பாலம் முடியும் இடத்தில் செங்குத்துப் பாறை, பாறையில் ஓட்டை. ரயில் அதற்குள் நேரே நுழைகிறது. ஆனால் பாலத்தைவிட பெர்கூனுக்கும் ப்ரேடாவுக்கும் நடுவில் இருக்கும் பகுதிதான் என்னைக் கட்டிப்போட்டது. நேர்க்கோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஏற வேண்டியது 400 மீட்டருக்கு மேல். பாதை 12 கிலோமீட்டராக நீண்டு, தன்னைத் தானே தாண்டி, சுரங்கத்தில் சுருண்டு ஏறுகிறது. இறங்கி நடந்தே பார்த்தேன். தலைக்கு மேலே போன ரயில் சற்று நேரத்தில் எதிர்ச்சரிவில், எதிர்த் திசையில், காலுக்குக் கீழே வந்தது.

இந்த மஞ்சள் நிற நடைபாதைப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கும் இதே பலகைதான். தூரம் போட மாட்டார்கள், நேரம்தான் போடுவார்கள். தனியாக நடப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் போதும்.

அடுத்தது பெர்னினா. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி, ஜன்னலும் திறக்காது. அதே தண்டவாளத்தில், அதே காட்சிகளுக்கு நடுவே, உள்ளூர் மக்களுக்கான சாதாரண ரயில் மணிக்கொரு முறை ஓடுகிறது. அதில் ஜன்னலைக் கீழே இறக்கலாம். காற்று முகத்தில் அறைய வேண்டும், அதற்குத்தானே வந்திருக்கிறோம். 1910இல் முடிந்த இந்தப் பாதை 2,253 மீட்டர் உயரம்வரை பல்சக்கரமே இல்லாமல், வெறும் சக்கரத்தின் பிடியில் ஏறுகிறது. உச்சியில் இரண்டு ஏரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கறுப்பு ஏரியின் நீர் இன் நதியில் சேர்ந்து, டான்யூபோடு கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரியின் நீர் தெற்கே இறங்கி, போ நதியோடு ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் மேட்டை ஐந்து நிமிடத்தில் நடந்து கடக்கலாம்.

தெற்கே இறங்கினால் வீடுகளின் நிறம் மாறுகிறது, பேச்சு இத்தாலியமாகிறது, சரிவுகளில் மரங்கள் அடர்கின்றன. ப்ரூசியோவில் ரயில் ஒரு புல்வெளியில் ஒன்பது கல்வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் முழு வட்டம் அடித்து, தன் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. போஸ்கியாவோவில் மதிய உணவு: கோதுமை நிறத்தைவிடக் கறுத்த பக்வீட் மாவுப் பட்டைகள், உருளைக்கிழங்கு, கீரை, உருகிய பாலாடைக்கட்டி. பிட்சோக்கேரி என்று பெயர். மலையில் நடந்து வந்த பசிக்கு அது அமிர்தம்.

பிறகு வடக்கே திரும்பி, இன் நதியைப் பின்தொடர்ந்து அஞ்சல் பஸ்ஸிலும் ரயிலிலுமாக இன்ஸ்ப்ருக். அங்கிருந்து டாவர்ன் மலைகளைத் தாண்டி ஸ்லோவேனியாவின் யெசெனிட்ஸே. இந்தப் பகுதி வேகமாகப் போனது. மழையும் கூடவே வந்தது.

யெசெனிட்ஸேயிலிருந்து நோவா கோரிட்ஸாவுக்குப் போகும் போஹின் பாதையில் பெரிய கூட்டம் ஏறுவதில்லை. பெட்டிகளின் மேல் கிறுக்கிய படங்களோடு டீசல் ரயில், திறந்த ஜன்னல்கள், சைக்கிளோடு ஏறும் பையன்கள். 1906இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு தன் ட்ரியெஸ்ட் துறைமுகத்துக்கு இன்னொரு வழி வேண்டுமென்று அமைத்த பாதை இது. போஹின் சுரங்கம் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் இறங்கியதும் கீழே சோச்சா நதி கூட வருகிறது. அந்தப் பச்சையை நான் வேறெந்த நீரிலும் கண்டதில்லை. முடிவுக்குச் சற்று முன்னால் சோல்கான் பாலம். ஒரே கல்வளைவு, 85 மீட்டர் அகலம். ரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய கல்வளைவு உலகத்தில் கிடையாது. 4,533 கற்களைச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். பத்தே ஆண்டுகள்தான் நின்றது. 1915 முதல் 1917 வரை இந்த நதிக்கரையில் பன்னிரண்டு போர்கள் நடந்தன. 1916 ஆகஸ்டில் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை, தன் பேரரசு கட்டிய பாலத்தைத் தானே வெடி வைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் இந்த மண் இத்தாலியின் கைக்கு வந்தது; அவர்கள் 1927இல் அதே இடத்தில் அதே போல் மீண்டும் கல்லால் கட்டினார்கள். நதிக்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த வளைவைப் பார்த்தேன். எதிரி கட்டியதைத் திரும்பக் கட்டுபவர்களுக்கு, இரும்பில் மலிவாக முடித்துவிடலாமே என்று தோன்றாமல் போனது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

லுப்லியானாவில் ஓர் இரவு. மறுநாள் மாரிபோர், கிராட்ஸ் வழியாக வடக்கே. கடைசி ஏற்றம் செம்மரிங்.

இதுவரை சொன்ன பாதைகளுக்கெல்லாம் மூத்தது இது. 1848இல் தொடங்கி 1854இல் முடித்தார்கள். அந்தப் புரட்சி ஆண்டில் வியன்னாவில் வேலையற்றோர் கூட்டம் பெருகியிருந்ததும் அவசரமாகத் தொடங்கியதற்கு ஒரு காரணம். வெனிஸில் பிறந்த கார்ல் ரிட்டர் ஃபான் கேகா இதை வரைந்தபோது, இவ்வளவு சரிவில் ஏறக்கூடிய ரயில் எஞ்சின் உலகில் இல்லை. பாதையை முதலில் போடுவோம், எஞ்சின் வரும் என்றார். 1851இல் அதற்காகவே ஒரு போட்டி வைத்து எஞ்சின்களை ஏறவிட்டுப் பார்த்தார்கள். 41 கிலோமீட்டரில் பதினாறு பெரிய பாலங்கள், நூற்றுக்கு மேற்பட்ட சிறு கல்பாலங்கள். டைனமைட் அப்போது கிடையாது; கருமருந்தும் கடப்பாரையும்தான். உழைத்தவர்கள் சுமார் 20,000 பேர், அவர்களில் பெண்களும் உண்டு. டைஃபஸும் காலராவும் பலநூறு பேரைக் கொண்டுபோயின.

செம்மரிங் ஸ்டேஷனில் இறங்கி, பாதையோரமாகவே காட்டுக்குள் பிரைட்டன்ஸ்டைன் பக்கம் நடந்தேன். ஓர் இடத்தில் மரங்கள் விலகி, இரண்டு அடுக்கு வளைவுகளோடு கால்டே ரின்னெ பாலம் தெரிகிறது. பழைய ஆஸ்திரிய 20 ஷில்லிங் நோட்டில் அச்சிட்டிருந்த காட்சி. அங்கே பெஞ்சில் ஒரு முதியவர் கால அட்டவணையைத் தொடையில் விரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு ரயிலும் வளைவில் சக்கரம் கிறீச்சிட, வேகம் குறைத்து வந்து, பாலத்தில் உடம்பை வளைத்து, மறைந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

இங்கேயும் அடியில் 27 கிலோமீட்டர் சுரங்கம் வந்துகொண்டிருக்கிறது. தோண்டும் வேலை முடிந்துவிட்டது. 2030இல் திறப்பதாகத் திட்டம். அதன்பிறகு வியன்னா விரைவு ரயில்கள் கீழே போய்விடும். மேல்பாதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் மூட மாட்டார்கள். "ரயில் வரும், ஆனால் பட்டியல் சின்னதாகிவிடும்" என்றார் அவர்.

இன்ஸ்ப்ருக்குக்குத் தெற்கே ப்ரென்னர் கணவாய்க்கு அடியிலும் 55 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1867இல் திறந்த பழைய ப்ரென்னர் பாதை உச்சிச் சுரங்கமே இல்லாமல் கணவாயின் மேல் ஏறி, 1,371 மீட்டரில் ஸ்டேஷன் வைத்து, மறுபக்கம் இறங்குகிறது. விரைவு ரயில்கள் இன்னும் அந்த வழியில்தான் போகின்றன. வியன்னாவுக்கு ரயில் ஏறும் முன்பே அடுத்த கோடைக்கான தேதிகளைக் குறித்துக்கொண்டேன்.